விரலை எடுத்த நொடி

மஞ்சுளாவின் வேலையைப் பறித்தவன் நான்.

அவளுக்கு இது தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது என்பதால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது...

ஆந்திர எல்லையில், சத்தியவேட்டில் சிறியதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். நெல் வயல்களிலும் வேர்க்கடலைக் கொல்லைகளிலும் கம்பெனிகள் எழும்பிய காலத்தில், வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அடையாள அட்டைப் படம் எடுத்துக் கொடுத்துப் பிழைத்தேன். வரதய்யபாளையம் பக்கத்து மஞ்சுளாவுக்கும் நான்தான் எடுத்தேன். அவளுடைய நைனாவின் நிலம் கம்பெனிக்குப் போனதற்கு ஈடாகக் கிடைத்த வேலை அது. நாள் முழுவதும் நின்றபடி ஒயர் பொருத்த வேண்டும்.

ஒருநாள் கம்பெனி அதிகாரி என்னை அழைத்து ஒரு கேமராவைக் காட்டினார். ஊர் திரும்பிய வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் விட்டுப்போனதாம். கையில் வாங்கியவன் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் நின்றேன்.

என்னிடம் இருந்த கேமராவில் பட்டனை அழுத்தினால் உள்ளே ஒரு கண்ணாடி மேலே போய் அடிக்கும். ‘தடக்’ என்ற சத்தத்துக்கு மண்டபமே திரும்பிப் பார்க்கும். அந்த அதிர்வில், வெளிச்சம் குறைந்த இடங்களில் படம் கலங்கிவிடும். இதுவோ டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர். இதில் அந்தக் கண்ணாடியே கிடையாது. ஷட்டர் திறந்து மூடுவது உள்ளங்கைக்குக்கூடத் தெரியவில்லை!

பெண்கள் சிலர் ரகசியமாகக் கூடிப் பேசுகிறார்கள், முன்னால் நிற்பது யாரென்று தெரிய வேண்டும் என்றார் அதிகாரி, தெலுங்கில். முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் போதும், கேமரா உனக்கே என்றார்.

அவர் என்னை மிரட்டினாரா? இல்லை. மறுத்திருந்தால் என் பிழைப்பு போயிருக்குமா? அதுவும் இல்லை. எனக்கு அந்தக் கேமரா வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பழகியபோது அதன் குறை தெரிந்தது. படம் எடுக்கும்போது எழுவது மெல்லிய ஒலிதான். ஆனால் அடுத்த படத்துக்காக ஷட்டரை இழுத்து வைக்க உள்ளே ஒரு சின்ன மோட்டார் ஓடும். கிர்ர்... அந்தச் சத்தம்தான் காட்டிக் கொடுக்கும். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். மெனுவில் ஒன்றை மாற்றிவிட்டால், பட்டனிலிருந்து விரலை எடுக்கும்வரை மோட்டார் ஓடாது. அழுத்திய விரலோடு வெளியே நடந்துபோய், ஆளில்லாத இடத்தில் விரலை எடுக்கலாம்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் குற்றம் இங்கேதான் இருக்கிறது.

மஞ்சுளாவின் உறவுக்காரக் குழந்தைக்கு மண்டபத்தில் காதுகுத்து நடந்தது. படம் எடுக்க வந்தவன் நான். என்னை யார் சந்தேகப்படுவார்கள்? பந்தி முடிந்ததும் இருபது பெண்கள் ஒவ்வொருவராகப் பின்பக்க அறைக்குப் போனார்கள். நான் பக்கவாசல் வழியாக நுழைந்து, அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றேன்.

மஞ்சுளாதான் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு முதுகு மட்டும் தெரிந்தது.

"நாம இன்னா பெருசா கேக்குறோம்? கொஞ்ச நேரம் ஒக்கார ஒரு ஸ்டூலு. அவசரத்துக்குப் போக ஒரு அஞ்சு நிமிசம். இத கேக்கறதுக்கு எதுக்குப் பயப்படணும்?"

அழுத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. குனிந்த தலைகள், மஞ்சுளாவின் முதுகு, பின்னல்... எந்த முகமும் அதில் இல்லை. அந்தப் படம் அதிகாரிக்கு உதவாது.

விரல் பட்டன்மேல் இருந்தது. அப்படியே வெளியே போயிருக்கலாம். முகம் கிடைக்கவில்லை என்று கேமராவைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். இத்தனை வருடங்களாக, விரல் வழுக்கிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிவந்தேன். பொய்! சத்தம் கேட்டால் அவள் திரும்புவாள் என்று தெரிந்தேதான் விரலை எடுத்தேன்.

கிர்ர்...

மஞ்சுளா திரும்பினாள். மறுபடி அழுத்தினேன்.

அரையிருட்டு. மெதுவான ஷட்டர். ஆனாலும் படம் துளியும் கலங்கவில்லை. கேமராவும் அதிரவில்லை, என் கையும் அதிரவில்லை. எப்படி அதிராமல் இருந்தது என் கை?

பெண்கள் பதறி எழுந்தார்கள். மஞ்சுளா நாற்காலிகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, என்னைக் கண்டதும் சிரித்துவிட்டாள்.

"பயப்படாதீங்க, நம்ம அண்ணன்தான்." பிறகு என்னிடம், "இங்க இன்னாண்ணா பண்ணிக்கினு இருக்க? துன்னியா?"

புதுக் கேமராவைச் சோதித்துப் பார்க்கிறேன் என்றேன். என்னைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப்போய்த் தன் கையாலேயே இலை போட்டாள். நான் சாப்பிட்டேன்.

படத்தை அதிகாரியிடம் கொடுத்தேன். அந்த வாரமே அவளைக் கம்பெனி வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். மற்ற கம்பெனிகளிலும் பெயரைப் பார்த்ததும் இடமில்லை என்றார்கள். அதன்பிறகு யாரும் ஸ்டூல் கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க என் ஸ்டுடியோவுக்கே வந்தாள். குவைத்தில் வீட்டு வேலையாம். ஆறு வயது மகளைத் தன் அம்மாவிடம் விட்டுப்போவதாகச் சொன்னாள். வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்கார்ந்து, சட்டென்று சொன்னாள்:

"யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்கண்ணா. யாரா இருக்கும்னு யோசிச்சிக்கினே இருக்கறேன். கூட இருந்தவங்கள சந்தேகப்படறதே பாவமா இருக்குது."

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "முகத்தக் கொஞ்சம் தூக்கும்மா" என்றேன்.

அவள் போன பிறகு திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டேன். மலையிறங்கும் பேருந்தில், யாரோ பையின் ஜிப்பை இழுத்த சத்தத்துக்குத் திடுக்கிட்டுத் திரும்பினேன். எல்லா இருக்கைகளிலும் அவள் முகத்தைத் தேடினேன்... இன்றைக்கும் தேடுகிறேன்.

அந்தக் கேமராவை உடைத்தெறிந்தேன் என்று எதிர்பார்க்கிறீர்களா? இல்லை. அது நல்ல கேமரா. பல வருடங்கள் அதைக்கொண்டு சம்பாதித்தேன். ஒவ்வொரு முறை மோட்டார் ஓடும்போதும் என் பின்கழுத்தில் ஒரு பார்வை விழும். அதோடேயே அடுத்த படத்தை எடுப்பேன்.

போன வருடம் அவள் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. மஞ்சுளாவுக்கு லீவு கிடைக்கவில்லை. என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று அவளே சொல்லியிருந்தாள். பட்டுப்புடவையில் நின்ற அந்தப் பெண், வீடியோ காலில் இருந்த அம்மாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, நானும் தெரியற மாதிரி எடு" என்றது போனிலிருந்து குரல்.

விளக்கைக் குறைத்து, கோணம் மாற்றி, அந்தச் சின்னத் திரைக்குள் இருந்த முகத்துக்கு ஃபோகஸ் வைத்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. முன்தலையில் நரை. எடுத்தேன்.

அந்தப் படத்தைத்தான் வாட்ஸ்அப்பில் முகப்பாக வைத்திருக்கிறாள். பல நாட்கள் அதன் முன்னால் உட்கார்ந்து, ‘மஞ்சுளா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்’ என்று எழுதுவேன். அழிப்பேன். மறுபடி எழுதுவேன்...

போன வாரம் அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. "இன்னாண்ணா, ரொம்ப நேரமா ஏதோ டைப் பண்ணிக்கினே இருக்க, ஒண்ணும் வரலியே. ஒடம்பு நல்லா கீதா?"

நெட்வொர்க் சரியில்லை என்று எழுதி அனுப்பினேன்.