வாசல் மிதிக்காத அத்தை

விசேஷ வீட்டு வாசல்வரை போய்க் கேசரி சாப்பிடாமல் நான் திரும்பியது வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான். அதற்குக் காரணம் என் அத்தை.

அப்போது மைசூர் மைன்ஸில் அத்தை வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு அங்கே தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. அத்தை இரண்டு பசுக்களை வைத்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பால் ஊற்றிவந்தாள். அடுத்த லைன் வீடுகளில் இன்னொரு பால்கார அம்மாள் இருந்தாள். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் தன் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு அவள் எங்களை அழைத்திருந்தாள்.

விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் பசுக்கள் வாயில் நுரை தள்ளி நொண்ட ஆரம்பித்தன. கோமாரி. கறந்த பாலை அத்தை குழியில் ஊற்றிச் சுண்ணாம்பு கொட்டினாள். ஆட்களின் கைகாலில் ஒட்டிக்கொண்டும் மற்ற மாடுகளுக்குப் பரவும் நோய் என்பதால், கொட்டகையிலிருந்து யார் வந்தாலும் கைகால் கழுவாமல் விடமாட்டாள். ஷிப்ட் முடிந்து வருபவர்களிடம் தங்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் வாட்ச்மேனே தேவலை என்று மாமா அலுத்துக்கொண்டார்.

விசேஷத்தன்று புதுப்பாவாடையோடு துள்ளிக்கொண்டு போனேன். அந்த வீட்டுக்குப் பத்தடி முன்பே அத்தை நின்றுவிட்டாள். என் கையையும் விடவில்லை. பந்தலுக்குப் பக்கத்தில் அவர்களுடைய நிறைசினைப் பசு நின்றிருந்தது.

“இன்னாக்கா, ரோட்லயே நின்னுட்ட? உள்ள வா” என்றாள் அந்த அம்மாள். எல்லோரும் பார்த்தார்கள்.

“என் மாட்டுக்குக் கோமாரி. உன்னுது செனையா இருக்குது. நான் வாசல் மிதிக்க மாட்டேன். நாளைலேர்ந்து என் வூடுங்களுக்கும் நீயே பால் ஊத்து” என்றாள் அத்தை. பெண்ணை அங்கிருந்தே வாழ்த்திவிட்டுத் திரும்பி நடந்தாள்.

எல்லாம் என் காதில் விழுந்தது. மூக்கில் ஏறியதென்னவோ நெய் மணம்தான். இரக்கமே இல்லாதவள் என்று அத்தையைத் திட்டிக்கொண்டு வழியெல்லாம் அழுதேன்.

பசுக்கள் பிழைத்தன, பால்தான் பழையபடி சுரக்கவில்லை. பாதி வீடுகள் அந்த அம்மாளிடமே தங்கிவிட்டன. அத்தை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அப்படி ஒரு மனுஷியை நான் பிறகு பார்க்கவேயில்லை.

ஒருநாள் காலையில் அந்த அம்மாள் ஒரு தூக்கில் சீம்பால் கொண்டுவந்தாள். அவள் பசு நல்லபடியாகக் கிடேரிக் கன்று ஈன்றிருந்தது. தூக்கை வாங்கிய அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புப் புகை என்று நினைத்தேன். வெல்லம் போட்டுக் காய்ச்சித் தந்ததை வழித்துத் தின்றுவிட்டு, என்ன இருந்தாலும் கேசரிக்கு ஈடாகாது என்று அத்தையிடம் சொன்னேன்.