நின்றுகொண்டு தின்ற சோறு

என் அக்கா பச்சையம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத உட்கார்ந்தால், நான் அவளைத் திட்டியதுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

கோவிலம்பாக்கத்தில் அப்பா பயிர் வைத்த நிலம் மனைகளாகிப் போன பிறகு, கடைசியாக மிஞ்சிய துண்டில் வீடு கட்டிக்கொண்டவள் அக்கா. மாமா தவறி நாலு வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. ஆள் குள்ளம், எடை எண்பத்திரண்டு கிலோ. 1995 ஜனவரியில் என் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. எனக்கு முப்பத்திநாலு வயது, கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டில் தங்கி, வாரம் இரண்டு நாள் சிட்டிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டேன். சிறுநீரகம் கொடுக்க ரத்த சொந்தத்தில் பொருந்தியவள் அக்கா ஒருத்திதான்.

"நீங்க குடுக்கலாம்மா. ஆனா இந்த வெயிட்டோட ஆபரேஷன் பண்ணா உங்களுக்கே ஆபத்து. ஏப்ரல் கடைசிக்குள்ள எழுபதுக்கு வாங்க" என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஒரு கரண்டி சோறு, காய், கீரை, மீன் என்று அளவு போட்டிருந்தது. அக்கா அதை அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டினாள். "கொறைக்கத்தான சொல்லிகீறாரு? ருசிய வுடச் சொல்லலியே?" என்றாள்.

ஒரு நாள் தின்றதை மறுநாள் தின்னமாட்டாள். திங்கள் சுரைக்காய்க் கூட்டு என்றால் செவ்வாய் வாழைத்தண்டுப் பச்சடி. புதன் நெத்திலிக் குழம்பு, தேங்காய் இல்லாமல், புளியும் பூண்டும் தூக்கலாக. ஒரு நாள் கொள்ளு ரசம், ஒரு நாள் வாழையிலையில் சுற்றிக் கல்லில் வாட்டிய மீன். ராத்திரி முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை. தட்டின் நடுவில் அந்த ஒரு கரண்டிச் சோறு, சுற்றிலும் ஐந்து நிறத்தில் ஏதேதோ. சப்புக்கொட்டிச் சாப்பிடுவாள். முடித்ததும் ஒரு பழைய நோட்டில் தின்றதையெல்லாம் எழுதுவாள்.

எனக்கு அவள் தனியாகச் சமைப்பாள். காயை இரண்டு முறை வேகவைத்துத் தண்ணீரை வடித்து, அரை உப்புப் போட்டு. அது வைக்கோல் மாதிரி இருக்கும். எதிரே அவள் நெத்திலித் தலையை உறிஞ்சும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் முதல் மாதம் ஐந்து கிலோ குறைந்தாள், அடுத்த மாதம் நாலு. நான் பிழைத்துவிடுவேன் என்று நம்பினேன்.

மார்ச்சில் எனக்கு ரொம்ப முடியாமல் போனது. கையில் டயாலிசிஸ் ஊசி போடும் நரம்பு இரண்டு தடவை அடைத்துக்கொண்டது. எதை வாயில் வைத்தாலும் இரும்பைக் கடித்தது போலிருக்கும், குமட்டும். அந்த மாதம் எடை பார்த்தபோது அக்கா எழுபத்திநாலு. ஒரு கிலோ ஏறியிருந்தாள்.

"இந்தக் கை எவ்ளோ நாள் தாங்கும்னு எனக்கே தெரியல. இப்படியே போனா கஷ்டம்" என்றார் டாக்டர்.

பல்லாவரம் வரும்வரை மின்சார ரயிலில் நான் வாயை மூடவில்லை. "நோட்டுல ஒண்ணு எழுதற, திருட்டுத்தனமா இன்னொண்ணு துன்ற. நான் செத்தா தான் உனக்கு நிம்மதியா?" என்று கத்தினேன். பெட்டியே திரும்பிப் பார்த்தது. அக்கா என் பையை மடியில் வைத்துக்கொண்டு, "சத்தியமா எழுதனதுதாண்டா துன்னேன்" என்றாள். நான் நம்பவில்லை.

மறுநாளிலிருந்து அவளை வேவு பார்த்தேன். சொல்லவே கூசுகிறது. தூங்குவது போலப் படுத்துக்கொண்டு சத்தம் கேட்பேன். டப்பாக்களில் அப்பளத்தை எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம். நான் நாலு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டேன். அக்கா எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குழாயடியில் நின்றபடி, தட்டில் நான் விட்ட சோற்றை உருட்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். வேகவேகமாக, மருந்து விழுங்குகிற முகத்தோடு. பிறகு தட்டைக் கழுவினாள்.

"இன்னாக்கா பண்ற?" என்றேன்.

திடுக்கிட்டாள். "இன்னா பண்றாங்க? தட்டு கழுவறேன்."

"துன்னியே!"

"துன்னலடா. உன் தட்டுல மிச்சம் இருந்துச்சு, வாயில போட்டுக்கினேன். நின்னுகினு ரெண்டு வாய் போட்டுக்கறதெல்லாம் சாப்பாடா?"

அவள் பொய் சொல்லவில்லை. உட்கார்ந்து, தட்டுப் போட்டுத் தின்றால்தான் எங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சாப்பாடு. அடுப்படியில் நின்று வழித்துப் போட்டுக்கொள்வது வேலையோடு வேலை. அதை எந்த நோட்டில் எழுதுவாள்?

"கொட்ட வேண்டிதானே?"

"எச்சில காக்காய்க்கு வெக்கக் கூடாது. உன் சோத்தை நாய்க்குப் போட எனக்கு மனசு வரலடா. ரெண்டு வாய் கூடத் துன்ன மாட்டியான்னுதான் நெறைய வெக்கறேன்."

நான் சாப்பாட்டைக் குறைக்கக் குறைக்க அவள் எடை ஏறியிருக்கிறது. உப்பில்லாத அந்த வைக்கோலை மூன்று வேளையும் தின்று, ரயிலில் என்னிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறாள். அழுதுவிட்டேன். அவளும் அழுதாள்.

"கொஞ்சமா வையி. வெச்சத நான் முடிச்சிடறேன்" என்றேன்.

சொல்வது சுலபம். ஏப்ரல் முழுக்க ஒவ்வொரு வேளையும் யுத்தம்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவேன். குமட்டினால் எழுந்து போய்விட்டு வந்து மறுபடி உட்காருவேன். கடைசிக் கவளம் கிடக்கும்போது அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் கை நீளுவதற்குள் நான் எடுத்துவிட வேண்டும். தன் சாப்பாட்டை மட்டும் அவள் மாற்றவேயில்லை. எனக்குக் குமட்டுகிற நேரத்திலும் எதிரே கொள்ளு ரசம் மணக்கும். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே என் பங்கை இறக்கினேன்.

ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு எடை மிஷின் மேல் ஏறினாள். முள் எழுபத்தொன்றுக்குப் போயிற்று. "அசையாம நில்லுங்கம்மா" என்றாள் நர்ஸ். முள் ஆடி ஆடி அறுபத்தொன்பதரையில் நின்றது. அக்கா இறங்கி வந்து என் கையை, நரம்பு அடைத்த அதே கையை, பிடித்துக்கொண்டாள்.

ஜூனில் ஆபரேஷன் நடந்தது. நான் தேறியதைவிட அவள் மெதுவாகத்தான் தேறினாள். ஆவணியில் ஒருநாள் அவளே நெத்திலிக் குழம்பு வைத்தாள். எனக்கும் சேர்த்து ஒரே குழம்பு, எட்டு மாதத்தில் முதல் தடவை. நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். அவளால் பாதிக்கு மேல் முடியவில்லை, தட்டை நகர்த்திவிட்டாள்.

நான் அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். குழாயடியில் நின்று, மிச்சத்தை உருட்டி வாயில் போட்டுக்கொண்டேன்.

ஜன்னலில் அக்காவின் முகம் தெரிந்தது.

"உள்ள வந்து குந்தித் துன்னுடா. நின்னுகினு துன்னாலும் சோறு சோறுதான்" என்றாள்.