டிரம் மூடிக்குக் காவல்

கறி வேகிற அந்த இரும்பு டிரம்மின் மூடிக்கு ஒரு கைப்பிடி உண்டு. சுடாமல் பிடிக்கத் தோதாகக் கப்பல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றியிருப்பான் என் மச்சான். கடலூர் பீச் ரோட்டில் அவன் கடை திறந்த அன்று, அதை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. எனக்குச் சமைக்கத் தெரியாது, பரிமாறினால் கொட்டுவேன். நிறையப் படித்தவனுக்குச் சும்மா நிற்கிற வேலைதான் சரி என்று என் மனைவி, அதாவது அவன் அக்கா, முடிவு செய்திருந்தாள்.

மச்சான் கப்பலில் சமையல்காரனாக இருந்தவன். உடன் வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரரிடம், வினிகர், சோயா சாஸ், பூண்டு போட்டு இறைச்சியை ஊறவைக்கக் கற்றான். அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில், இறைச்சியை நெருப்புக்குக் காட்டாமல் புகையிலேயே மணிக்கணக்கில் வேகவைப்பதைப் பார்த்தான். இரண்டுக்கும் கல்யாணம் செய்துவைத்து, பண்ருட்டி முந்திரி விறகு மூட்டி, ஆட்டுத்தொடைகளை டிரம்முக்குள் வைத்து மூடினான். கடை எடுபடாவிட்டால் மறுபடி கப்பல்தான். கப்பல் கம்பெனிக்கு அன்று சாயங்காலம் பதில் சொல்லியாக வேண்டும். அவன் மகளோ, "அப்பா கூப்பிடுறாரு" என்றால், அவன் எதிரில் நிற்கும்போதே செல்போனைத் தேடி ஓடுகிற குழந்தை. அதைப் பார்த்த நாளிலிருந்துதான் கடை, கடை என்று பேச ஆரம்பித்தான்.

தடை சிதம்பரத்தில் இருந்தது. "கப்பல் மாப்பிள்ளைன்னு ஊரெல்லாம் சொல்லித்தான் பொண்ணு குடுத்தேன்" என்பார் அவன் மாமனார். சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பது வரைக்கும்தான் இறங்கி வந்திருந்தார்.

எங்கள் பக்கத்தில் விருந்துக்குப் போகிறவர்கள் நேரே அடுப்படிக்குப் போய் மூடியைத் தூக்கி, "என்ன கொழம்பு?" என்று கேட்பார்கள். அது மரியாதை. கேட்காமல் போய் உட்கார்ந்தால் ஏதோ மனஸ்தாபம் என்று அர்த்தம். இந்த டிரம்மைத் திறந்தால் புகையும் சூடும் வெளியேறி, வேக இன்னும் அரை மணி நேரம் ஜாஸ்தியாகும். அத்தை திறந்தாள். பெரியப்பா திறந்தார். நான் காவல் நின்றேன்.

மதியம் மாமனார் வந்தபோது ஆட்டுத்தொடை வேகாமல் விறகு மாதிரி இருந்தது. முன்வரிசையில் இரண்டு குடும்பங்கள் எழுந்து போய்விட்டன. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தார்.

"மாமா, தொறக்காதீங்க" என்றான் மச்சான்.

அவன் அவரை எதிர்த்துப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை.

"நான் பாக்கக்கூடாதா மாப்ள?"

"நீங்க பாத்தா வேவாது மாமா."

அவர் கையை எடுத்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். நாற்காலியை இழுத்து டிரம்முக்கு எதிரிலேயே போட்டு உட்கார்ந்துகொண்டார். மச்சான் பயந்துகொண்டே, புளி கரைத்த பிலிப்பைன்ஸ் சூப் ஒரு கிண்ணம் வைத்தான். குடித்தார்.

"ரசம். இதுக்கா கப்பல் ஏறுன?"

ஆனால் கிண்ணத்தைக் காலியாகத்தான் வைத்தார். மூடி இடுக்கில் கசிந்த புகை அவர் பக்கமே வீசியது. மனுஷன் நாற்காலியை நகர்த்தவில்லை. வெகுநேரம் கழித்து அவருடைய தம்பி பஸ்ஸில் வந்து இறங்கினார், நேரே டிரம்முக்கு வந்தார், கையை நீட்டினார்.

"டேய், கைய எடு! வேவுதுல்ல?"

அதட்டியவர் மாமனார். மச்சான் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டான். புகையாக இருக்கலாம்.

சாயங்காலம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. மச்சான் மாமனாரைப் பார்த்தான். அவர் எலும்பை வாயிலிருந்து எடுக்காமலே, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

போன ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போயிருந்தேன். மச்சான் மகள் கையில் எலும்போடு, "அப்பா, இன்னொண்ணு" என்று அவன் காலைக் கட்டிக்கொண்டு நின்றது. போனைக் காணோம். வாராவாரம் சிதம்பரத்திலிருந்து வந்துவிடுகிற மாமனார், டிரம் பக்கத்தில் கண்மூடி உட்கார்ந்திருந்தார். மூடியின் கைப்பிடிக் கயிறு பிசுக்கேறிக் கறுத்திருந்தது. தூங்குகிறார் என்று நம்பி மெல்லக் கை வைத்தேன்.

"தம்பி," என்றார் கண்ணைத் திறக்காமல், "தொறந்து பாக்க அது உங்க வீட்டு ரசம் இல்ல."