மூச்சை அடக்கியவன்

கடலுக்கடியில் நீந்தக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று கல்லூரியில் படிக்கும் மகள் சொன்னபோது, வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. நானும் சேர்ந்துகொண்டேன். ஐம்பதை நெருங்கும் வயதில், அவளைத் தனியே அனுப்பாமல் இருக்க எனக்குத் தோன்றிய ஒரே யோசனை அதுதான்.

மேடவாக்கம் பக்கம் ஒரு நீச்சல்குளத்தில் ஞாயிறுதோறும் வகுப்பு. வேளச்சேரி சாலை பாதி தோண்டிக் கிடந்த காலம். தாம்பரத்திலிருந்து ஸ்கூட்டரில் போய்ச் சேர்வதற்குள் புழுதியில் குளித்திருப்போம்.

பயிற்சியாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். "சார், மத்ததெல்லாம் மறந்தாலும் பரவால்ல. மூச்சை மட்டும் அடக்காதீங்க. கீழ சிலிண்டர்லருந்து இழுத்த காத்து மேல வர வர விரியும். அடக்கிக்கிட்டே ஏறினா நுரையீரல் கிழிஞ்சிடும்."

தலையாட்டினேன். ஆனால் பல வருடங்களாக மொட்டைமாடியில் பிராணாயாமம் செய்கிறவன் நான். பதற்றம் வந்தால் மூச்சை இழுத்து உள்ளே நிறுத்துவேன். மேலதிகாரி கத்தும்போதும் அப்படித்தான், மகள் வீடு திரும்பத் தாமதமானாலும் அப்படித்தான். குளத்தில் பயிற்சியாளர் என் நெஞ்சைத் தட்டித் தட்டி நினைவூட்ட வேண்டியிருந்தது.

"அப்பா, இது யோகா கிளாஸ் இல்ல," என்று மகள் சிரித்தாள்.

கோவளத்தில் படகேறிய காலையில் கடல் கலங்கிக் கிடந்தது. முதுகில் காற்றுச் சிலிண்டரோடு நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கினோம். முன்னால் பயிற்சியாளர், அவருக்குப் பின் மகள், கடைசியில் நான். சுற்றிலும் பச்சை இருட்டு. சட்டென்று மகள் கண்ணிலிருந்து மறைந்தாள். இரண்டு கை தூரத்தில்தான் இருந்தாளாம். எனக்கு அது தெரியவில்லை. மூச்சை இழுத்தேன், நிறுத்தினேன், கயிற்றை விட்டுவிட்டு மேல்நோக்கி உதைத்தேன்.

யாரோ காலைப் பிடித்து இழுத்தார்கள். அவள்தான், திரும்பிப் பார்த்திருக்கிறாள். முகத்துக்கு நேரே முகம் வைத்து என் வயிற்றில் ஓங்கிக் குத்தினாள். காற்று கொப்பளித்து வெளியேறியது. திமிறிய என் கை பட்டு அவளுடைய நீச்சல் கண்ணாடி கழன்று போனது. கண்களை இறுக மூடிக்கொண்டு, பிடியை விடாமல், மெல்ல மெல்ல என்னை மேலே கொண்டுவந்தாள். இன்றும் பனியன் மாட்டும்போது துணி முகத்தை மூடும் அந்த ஒரு நொடியில் அவசரமாகத் தலையை வெளியே இழுத்துக்கொள்கிறேன்.

படகில் ஏறியதும் வாந்தி எடுத்தேன்.

"இன்னா சார், துன்ன இட்லி மொத்தமும் மீனுக்கா?" என்றார் படகோட்டி. யாரும் சிரிக்கவில்லை.

மகளின் கண்கள் உப்பில் சிவந்திருந்தன. "அடுத்த தடவை நீ எறங்காதப்பா."

"நீ மட்டும் எப்படிம்மா..."

"நீ கீழ இருந்தா நான் உன்னையே பாத்துக்கிட்டு இருக்கணும். எனக்கு பயமா இருக்குப்பா."

பயம் என்று அவள் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

வேறு கண்ணாடி மாட்டிக்கொண்டு பயிற்சியாளருடன் இறங்கினாள். நான் துண்டைப் போர்த்திக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதோ, நுரை வருது பாரு சார். அங்கதான் கீது உன் பொண்ணு," என்றார் படகோட்டி.

அவர் கைகாட்டிய இடமும் மற்ற இடங்களைப் போலவே இருந்தது. தெரிகிறது என்று தலையாட்டினேன்.