பாதியாக அறுத்த உத்திரம்

வேப்ப மரத்தை அறுக்கும்போது வரும் தூள் மூக்கில் ஏறினால் தொண்டை வரைக்கும் கசக்கும். அந்தத் தூள் என் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கேப்பைக் கூழில் மேலேயிருந்து உதிர்ந்த நாள் எனக்கு மறக்கவில்லை.

அண்ணாந்து பார்த்தால், கூடத்து உத்திரத்தின் நடுவில் ரம்பத்தை வைத்து இரண்டு பேர் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அறுக்கச் சொன்னவர் என் மூத்தார். என் வீட்டுக்காரருக்கு அண்ணன்.

விழுப்புரம் பக்கம் கெடாரில் எங்களுடையது ஓட்டு வீடு. ஒரே நீளக் கூடம். பாகம் பிரித்தபோது கூடத்துக்குக் குறுக்கே ஒரு சுவர் எழுப்பினார்கள். சரி, ஊரில் நடக்காததா... ஆனால் சுவர் உத்திரத்தைத் தொட்டதும் மூத்தாருக்கு இன்னொரு யோசனை வந்துவிட்டது.

"கூடம் பாதின்னா உத்திரமும் பாதிதான். நாளைக்கு நான் மாடி எடுப்பேன். அப்ப உன் மரம் என் வூட்ல நீட்டிக்கினு இருக்கக் கூடாது."

என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மூத்தார் முன்னால் நான் பேசக் கூடாது. அதனால் அவர் பெண்டாட்டி கனகத்திடம் கேட்டேன். "ஏங்க்கா, முழுசா இருக்கிற மரத்த அறுத்துட்டா கூர எப்டி நிக்கும்?"

"அதான் அடியில சுவரு இருக்குதே, அது தாங்கும். நீ போய் உன் கூழத் துழாவு."

துழாவினேன். கசந்த கூழைத்தான் அன்றைக்கு என் பிள்ளைகள் குடித்தார்கள்.

அவர் மாடியும் எடுக்கவில்லை, ஒரு மண்ணும் எடுக்கவில்லை.

தெரு வாசல் அவர்கள் பக்கம் போயிற்று. காற்றும் கூடவே போயிற்று. எங்கள் பக்கம் பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்... என் மகள் நிச்சயதார்த்தத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

எங்கள் பாதியில் இடம் போதவில்லை. அவர்கள் பாதியில் மல்லாட்டை மூட்டைதான் கிடந்தது, உரிக்காத வேர்க்கடலை. ஒருநாள் ஒதுக்கித் தரச் சொல்லிப் போய் நின்றேன். "மூட்டைய எங்கடி போடறது, உன் தலையிலயா?" என்றாள் கனகம். வெளியில் கீற்றுப் பந்தல் போட்டுப் பந்தி வைத்தேன். பாதிச் சாப்பாட்டில் மழை பிடித்துக்கொண்டது. சம்பந்தி வீட்டார் இலையைச் சோற்றோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கனகம் தன் வாசலில் நின்று பார்த்தாள். கதவைத் திறந்துதான் வைத்திருந்தாள். உள்ளே வாருங்கள் என்று ஒரு சொல் சொல்லவில்லை.

அன்றைக்கு முடிவு செய்தேன். நான் சாவதற்குள் இந்தச் சுவர் போக வேண்டும், முழுக் கூடத்தில் என் வீட்டுப் பந்தி நடக்க வேண்டும்.

வருஷங்கள் ஓடின. என் வீட்டுக்காரரும் போனார், மூத்தாரும் போய்ச் சேர்ந்தார். கனகம் திண்டிவனத்தில் மகளோடு இருக்கப் போய்விட்டாள். போன வருஷம் அவள் மகன் அவர்கள் பாகத்தை என் மகன் சேகருக்கே விற்றான். என் பேத்திக்கும் நிச்சயம் குறித்தாயிற்று. கடப்பாரையை எடுங்கடா என்றேன்.

சேகர் விழுப்புரத்திலிருந்து ஓர் இன்ஜினியரைக் கூட்டி வந்தான். நஸ்ரின் என்று பெயர், கோட்டக்குப்பத்துப் பெண். அண்ணாந்து பார்த்தாள், சுவரைத் தட்டினாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"ஆயா, இது இப்ப வெறும் தடுப்புச் சுவரு இல்ல. உத்திரத்த அறுத்ததால ரெண்டு துண்டும் இது மேலதான் உக்காந்துக்கினு இருக்கு. இத எடுத்தா கூரையும் கூடவே வந்துடும்."

பாருங்கள் என் மூத்தார் வேலையை. போன பிறகும் என் வழியில் குறுக்கே நிற்கிறார்.

"வுடும்மா, போய் வர ஒரு வாசல் வெச்சுக்கலாம்" என்றான் சேகர்.

"எட்டிப் பாக்கவாடா வாங்கின?"

"நடுவுல ஒரு தூண் குடுத்துடலாம்மா. ரெண்டு துண்டும் அது மேல உக்காந்துக்கும்" என்றார் கூட வந்திருந்த மேஸ்திரி.

"நட்ட நடுவுல தூண் நின்னா பந்தி எப்டி போடறது? தூணுக்கும் ஒரு எல போடட்டா?"

நஸ்ரின் சிரித்துவிட்டாள். "சரி ஆயா. சுவரு இருக்கிற எடத்துலயே, தெருச் சுவருலேர்ந்து தோட்டத்துச் சுவரு வரைக்கும் இரும்பு உத்திரம் குடுக்கறேன். துண்டு ரெண்டும் அது மேல உக்காரட்டும். ஆனா நான் சொல்ற வரைக்கும் நீங்க உள்ள வரக் கூடாது."

சவுக்குக் கட்டைகளை வரிசையாக முட்டுக் கொடுத்துக் கூரையைத் தாங்கி நிறுத்திவிட்டு, சுவரை மேலேயிருந்து பிரித்தார்கள். இரும்பு உத்திரம் ஏறியது. கடைசியாக முட்டுகளை எடுக்கும் நாள் வந்தது. என்னைத் தெருவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

ஒவ்வொரு முட்டாகத் தளர்த்தினார்கள். உள்ளே மரம் 'நறுக்' என்றது. ஓட்டிலிருந்து மண் கொட்டியது.

"கெழவி புடிவாதம், வூட்டயே உக்கார வெக்கப் போவுது" என்றது கூட்டத்தில் ஒரு குரல். திரும்பி முகத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். அவர் வீட்டுக்குப் பத்திரிகை போகவில்லை.

கடைசி முட்டுக் கட்டையும் வெளியே வந்தது. கூரை நின்றது.

"ஆயா, இப்ப வாங்க" என்று நஸ்ரின் கூப்பிட்டாள்.

போய் நின்றேன். தெரு வாசலில் புகுந்த வெயில் என் அடுப்படி வரைக்கும் வந்து கிடந்தது.

நிச்சயத்தன்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே வரிசையாக இலை. கனகத்தையும் வரவழைத்தேன், பார்க்கட்டும் என்றுதான். தன் மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள், கூடத்தில் நின்று இப்படியும் அப்படியும் பார்த்தாள். பார்வை மங்கிவிட்டது அவளுக்கு.

"ஏன்டி, இதுல எங்க பக்கம் எது?"

"பக்கமெல்லாம் இல்லக்கா. உக்காருங்க."

நானே பரிமாறினேன். பாயசம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடித்தாள். மன்னித்துவிட்டாயா என்று என் மகள் காதோரம் கேட்டாள். சோறு போட்டேன், அவ்வளவுதான் என்றேன்.

அந்தக் காலத்தில் பாதிக் கூடத்தில் பிள்ளைகளுக்குக் கால் நீட்ட இடம் இருக்காது. ஒருத்தன் கால் இன்னொருத்தன் வயிற்றில் கிடக்கும். இப்போது விசேஷம் முடிந்து எல்லாரும் சென்னைக்கும் பாண்டிக்கும் போய்விட்டார்கள். இவ்வளவு பெரிய கூடத்தில் மத்தியானம் நான் ஒருத்திதான்.

சுவர் இருந்த இடத்தில்தான் பாயை விரிக்கிறேன். கையை அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாக நீட்டிப் படுத்தால்... என்ன காற்று வருகிறது தெரியுமா.