மீசை தின்ற மரம்

பார்படோஸ் தீவில் ஒரு மரம் அப்பாவின் மீசையைத் தின்றுவிட்டது என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். சிட்னிக்கு வந்த பிறகும் மரநிழல் கண்டால் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு ஓடுவேன். பயந்தாங்கொள்ளி என்று பெயரும் எடுத்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. லண்டனை விட்டு அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தோம். சூயஸ் கால்வாய் மூடிக்கிடந்ததால் கப்பல் மேற்கே சுற்றிப் போனது. அம்மாவுக்கு அந்தப் பயணமே மனதுக்குப் பிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அப்பாவின் தகப்பன் படுக்கையில் கிடந்தார். அம்மாவுக்கு அவர் மாமனார் மட்டுமல்ல, சொந்தத் தாய்மாமனும்கூட.

"ஒருக்கா அவரைப் பாத்திட்டுப் போவம்" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அங்க போய் ஒரு வீடு எடுத்திட்டு உடன போவம்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்.

பார்படோசை அடைவதற்கு முதல் நாள் மாலை, கப்பல் அலுவலர் ஒருவர் அப்பாவைத் தனியே அழைத்து, அவருடைய தகப்பன் இறந்துவிட்டதாகத் தந்தி வந்த செய்தியைச் சொன்னார். அப்பா அதை அம்மாவிடம் சொல்லவில்லை. நடுக்கடலில் வைத்துச் சொல்லி அவளை என்ன செய்வது, சிட்னியில் இறங்கிய பிறகு சொல்வோம் என்று நினைத்தாராம். இதெல்லாம் எனக்குப் பல வருடம் கழித்துத் தெரிந்தது. அன்றைக்கு ஏழு வயதான எனக்கு வேறு கவலை. நாங்கள் தீவைச் சுற்றிப் பார்க்கும் நேரத்தில் கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போய்விடும் என்ற கவலை.

கண்ணாடி இல்லாத ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். வழிகாட்டி ஒரு பருத்த பெண்; வைக்கோல் தொப்பி போட்டிருந்தாள்; எல்லாரையும் 'டார்லிங்' என்றாள். கப்பல் போய்விட்டால் என்ன செய்வது என்று நான் மூன்றாம் முறையும் கேட்டபோது, "போனால் என்ன டார்லிங், என்னோடு வந்து இரு. வீட்டில் ஆறு பிள்ளைகள். ஏழாவதாக உனக்கும் ஒரு தட்டு வைக்கிறேன்" என்றாள். பஸ் முழுவதும் சிரித்தது. நான் அழத் தொடங்கினேன்.

கரும்புத் தோட்டங்களையும் பழைய காற்றாலை ஒன்றையும் காட்டினாள். மலைவிளிம்பில் ஒரு தேவாலயம். பின்னால் கடலைப் பார்த்தபடி கல்லறைகள். எல்லாரும் இறங்கிப் படம் எடுத்தார்கள். அப்பா இறங்கவில்லை. எந்த வழிகாட்டியையும் கேள்வி கேட்டே களைக்கப் பண்ணுகிற மனிதர் அவர். அன்றைக்குக் கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சும்மா இருந்தார்.

"ஏன் ஒண்டும் கதையாமல் இருக்கிறியள்?" என்று அம்மா கேட்டார்.

"வெக்கை" என்றார் அப்பா.

கடைசியாகக் கடற்கரை. இறங்குமுன் வழிகாட்டி எங்களை நிறுத்தி, சிவப்புக் கோடு போட்ட மரங்களைக் காட்டினாள். அவற்றின் காய் கடும் விஷமாம். மழைக்கு அதன் கீழே ஒதுங்கினால்கூட, இலையில் இருந்து வடிகிற தண்ணீர் பட்டுத் தோல் வெந்துபோகுமாம். கப்பல் கவலையோடு எனக்கு இந்தக் கவலையும் சேர்ந்தது. பாணும் பொரித்த மீனும் கொடுத்தார்கள். அப்பா தன் மீனை எனக்குத் தந்துவிட்டு, துவாயைச் சுருட்டிக்கொண்டு உடை மாற்றும் கொட்டில் பக்கம் போனார். மரங்கள் நின்றதும் அந்தப் பக்கம்தான்.

வெகு நேரம் வரவில்லை. பிறகு பார்த்தால், சேட்டும் காற்சட்டையுமாகக் கடலுக்குள் நடந்துகொண்டிருக்கிறார். மூன்று முறை தலை முழுகினார். எங்கள் கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். நனைந்துபோய் கரையேறி வந்த அப்பாவுக்கு மீசை இல்லை.

நான் கத்திவிட்டேன்.

"அந்த விஷ மரத்துக்குக் கீழ நிண்டனான் பிள்ளை. அது மீசையைத் திண்டிட்டுது" என்றார் அப்பா.

சுற்றி நின்றவர்களுக்கு அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அப்பாவின் மேலுதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் ஆட்களில் பெற்றவர் இறந்தால்தான் மகன் மீசையை வழிப்பான்.

"தலையைத் துடையுங்கோ. தடிமன் வந்திடும்" என்று மட்டும் அம்மா சொன்னார்.

பிறகு செருப்பைக் கழற்றினார். கைப்பையை வழிகாட்டியிடம் கொடுத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, கட்டியிருந்த சேலையோடு கடலுக்குள் நடந்தார். கடற்கரைக்கு வந்ததிலிருந்து என்னைக் கால் நனைக்கவும் விடாத அம்மா, என் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார், தானும் முழுகினார். அம்மாவும் கடைசியில் விளையாட வந்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோசம். வெளியே வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. உப்புத் தண்ணீரில் என் கண்ணும் எரிந்ததால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வழிகாட்டி மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, அம்மாவைத் துவாயால் போர்த்திவிட்டாள்.

கப்பல் எங்களை விட்டுப் போகவில்லை. அன்று இரவிலிருந்து அப்பா தன் கோழித்துண்டை என் தட்டில் வைத்தார், வயிறு சரியில்லையாம். அம்மாவும் தன்னுடையதை வைத்தார், கப்பல் ஆட்டமாம். ஒருவரை ஒருவர் ஏன் என்று கேட்கவில்லை. சிட்னி வரும்வரை நாள்தோறும் எனக்கு மூன்று பேர் பங்கு. சட்டை இறுகிப்போனது.

சிட்னித் துறைமுகத்தில் அதிகாரி கடவுச்சீட்டுப் படத்தையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்து, மீசை எங்கே என்றார். மரம் தின்ற கதையை நான் முந்திக்கொண்டு சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். அப்பாவும் சிரித்தார்.

சிட்னியின் லிட்கம் பகுதியில் வாடகை வீடு. முதல் சமையல். குசினி வாசலில் நின்று அப்பா சொன்னது எனக்குக் கேட்டது.

"இஞ்சேரும், ஐயா போயிட்டார்."

"ஓம். தெரியும். சோறு ஆறுது, வாங்கோ."

சோறும் பருப்பும் ஒரு கீரையும் இருந்தன. ஐயா என்பவர் எங்கேயோ பயணம் போயிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு, நான் வழக்கம்போல இருவருடைய தட்டையும் பார்த்தபடி காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கப்பலில் என்மேல் இருந்த பட்சம் கரையேறியதும் போய்விட்டதாக்கும் என்று நினைத்து, வாய்விட்டு அழுதேன். இருவரும் என்னைத் தடுக்கவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் சத்தம் போட்டு அழுதது நான் ஒருத்திதான், அதுவும் கோழிக்காக.