மனோவின் மஞ்சள் காரும் அந்த மொட்டை டயர்களும்

ரோட்டில் பூ கிடந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் மக்களே. மழையில் நனைந்த பூ என்றால் இன்னும் குறையுங்கள்.

பைக் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். எங்கள் பக்கம் சாவு ஊர்வலம் போன தெருவெல்லாம் சாமந்தியும் ரோஜா இதழும் மிதிபட்டுக் கிடக்கும். ஒரு தூறல் விழுந்தால் போதும், சோப்பு போட்ட மாதிரி வழுக்கும்.

போன வாரம் அப்படிப்பட்ட பூவின் மேல் கார் ஓட்டினேன்.

பூ மனோவுக்குப் போட்டது. காரும் மனோவுடையதுதான். பக்கத்து சீட்டில் இருந்தது மனோவின் அப்பா.

மனோவைத் தெரியாதவர்களுக்கு: தண்டையார்பேட்டையில் என் டயர் கடைக்கு அடுத்த ஷெட்டில் மெக்கானிக். என் உயிர்த் தோழன். அடிபட்டு நசுங்கிக் கிடந்த ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டித் தட்டி நிமிர்த்தி ஓட வைத்தவன். இரண்டே சீட். ஷெட்டில் மிச்சம் இருந்த ஆட்டோ மஞ்சளையே அதற்கு அடித்துவிட்டான். (திருவொற்றியூர் வருமா என்று ஒரு அம்மா கையைக் காட்டி நிறுத்தியிருக்கிறார்! ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டும் வந்தான்.)

சாதாரண காரில் பெரும்பாலும் முன் சக்கரம் இழுக்கும். இதில் பின் சக்கரம் தள்ளும். ஈர ரோட்டில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்தால், பின்பக்கம் நம் பேச்சைக் கேட்காமல் ஒதுங்கிப் போகும். அவன் பின் டயர் இரண்டும் தேய்ந்து மொட்டை. மாற்றுடா, மாற்றுடா என்று சொல்லி எனக்கு அலுத்துப் போனது.

"நைனா ஒருநாள் வண்டில ஏறட்டும் பாய். அன்னிக்கி மாத்திக்கலாம்" என்பான்.

நைனா என்றால் அவன் அப்பா. நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். துறைமுகத்தில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டி ஓய்ந்தவர். ரெண்டு பேர் உட்காருகிற வண்டி ஒரு வண்டியா, குடும்பத்தை எங்கே ஏற்றுவாய் என்று திட்டுவார். கடைசியில் பேச்சு கல்யாணத்தில் வந்து நிற்கும். மனோ எத்தனையோ முறை கதவைத் திறந்துவைத்துக் கூப்பிட்டான். அவர் ஏறவே இல்லை.

கார் ஓட்டித்தான் செத்தானா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. காய்ச்சல். மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தவன், ஆஸ்பத்திரிக்குப் போனான், திரும்பி வரவில்லை.

நைனா அழவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. கொள்ளி வைக்க வேண்டியவர் அவர். முழங்கால் தேய்ந்துவிட்டதால் சுடுகாடு வரை நடக்க முடியாது. ஆட்டோ கூப்பிட்டார்கள், ஏறவில்லை. சாவு வண்டியிலேயே முன்னால் உட்காரச் சொன்னார்கள், மாட்டேன் என்று தலையாட்டினார். நேராகத் தெருமுனைக்குப் போனார். மஞ்சள் காரை மூடியிருந்த தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு, கதவருகே நின்றார்.

மனோவுக்கு அடுத்து அந்த கிளட்ச் பழகியது எனக்குத்தான். ஓட்டினேன்.

முன்னால் மேளம், ஜனம். அப்புறம் பூ ஜோடித்த சாவு வண்டி. அதன் பின்னாலேயே நாங்கள். வண்டி மேல் நின்ற மனோவின் கூட்டாளிகள் மாலைகளைப் பிய்த்துப் பிய்த்து வீச, எல்லாம் எங்கள் சக்கரத்துக்கு அடியில் வந்து விழுந்தது.

எக்ஸ்பிரஸ் ரோட்டில் திரும்பும்போது தூறல் பிடித்தது. டிரெய்லர்கள் சிந்திய டீசல் வேறு. ஒரு கன்டெய்னர் லாரி நடுவில் புகுந்துவிட, சாவு வண்டி கொஞ்சம் முன்னே போய்விட்டது. நைனா கையை நீட்டி, போ போ என்று காட்டினார். மிதித்தேன்.

பின்பக்கம் போய்விட்டது.

சத்தமே இல்லை. காலை எடுத்தேன். மனோ சொல்லிக்கொடுத்தபடி, பின்பக்கம் போன திசைக்கே ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். பிரேக்கைத் தொடவில்லை. அப்படியும் கார் அரைச் சுற்று சுற்றி, நடுரோட்டுத் தடுப்புக் கல்லை இடிக்காமல் நின்றது. நாங்கள் வந்த வழியைப் பார்த்து நின்றது.

மேளம் நின்றது. எல்லோரும் ஓடி வந்தார்கள். நைனா டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்தபடி, கண்ணாடி வழியாக வீட்டுப் பக்கமே பார்த்தார்.

"போவ மாட்டேன்றான் பாரு பாய். வூட்டுக்கே போலாம்ன்றான்."

பாடை கனத்தால் செத்தவருக்குப் போக மனசில்லை என்று இங்கே சொல்வார்கள். நான் டயர்க்காரன். மொட்டை டயர், டீசல், பூ, மழை எல்லாம் எனக்குத் தெரியும். ஆமா நைனா என்றுதான் சொன்னேன். அப்போதுதான் அவர் வாய்விட்டு அழுதார். கூட்டாளிகள் காரைக் கையாலேயே தள்ளித் திருப்பிவிட்டார்கள். நைனா போய்க் கொள்ளி வைத்தார்.

இன்று காலை நைனா என் கடைக்கு வந்தார். பின் டயர் இரண்டையும் மாற்று என்றார். அன்றைக்கு வழுக்கியது எதனால் என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன். கையமர்த்தினார்.

"தெரியும் பாய். டிரெய்லர் ஓட்னவன் நானு. ஏறும்போதே டயரப் பாத்துட்டேன்."

தெரிந்தும் ஏன் ஏறினீர்கள் என்று கேட்டேன். அடுக்கில் இருந்த ஒரு புது டயரைத் தடவிப் பார்த்தார்.

"அவன் கூப்ட அன்னிக்கெல்லாம் ஏறல."

புது டயர் போட்டுவிட்டேன். பழைய இரண்டும் கடை மூலையில் கிடக்கின்றன. காயலான் கடைக்காரர் கேட்டார், தரவில்லை.

அந்த டயர்கள் ஏன் மொட்டையாகவே இருந்தன என்று நைனாவுக்கு இன்னும் தெரியாது. அவர் ஏறும் நாளுக்காகத்தான் மனோ மாற்றாமல் வைத்திருந்தான். (அவரிடம் இருப்பது பட்டன் போன். இதைப் படிக்க மாட்டார்.)

சொல்லட்டுமா, வேண்டாமா? நீங்களாவது சொல்லுங்கள்.